ஒரே பீப்பாய், மூன்று மூக்கு

மனிதர்களில் முகர்ந்து குடிக்கும் இனம் ஒன்று உண்டு. இவர்களைக் குடிகாரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; ஆயுளுக்கும் உங்களோடு பேச மாட்டார்கள். குடிகாரர் வாயால் குடிப்பவர். இவர்கள் மூக்கால் குடித்துவிட்டு வாயால் பேசுபவர்கள். வயிறு பெருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்குவார்கள், சாய்ப்பார்கள், சுழற்றுவார்கள், உள்ளே வழியும் கோடுகளை எக்ஸ்ரே படம் போல ஆராய்வார்கள், மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள், பிறகு ஒரு பெருமூச்சோடு, "அத்திப்பழம்" என்பார்கள். பாட்டிலுக்குள் அத்திப்பழம் கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன?

நம்மவர் லிஃப்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரி. சுவைஞர் வட்டத்தில் சேர இரண்டு வருடமாகக் காத்திருந்தார். வட்டம் என்றால் இரண்டே பேர். தலைவர், ஓய்வு பெற்ற கண் டாக்டர். செயலாளர், டாக்டர் சொன்னதையே கொஞ்சம் மெதுவாகத் திருப்பிச் சொல்லும் வங்கி மேலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் நம்மவர் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. மூக்கு தேறினால் சேர்த்துக்கொள்வார்கள். தேறாவிட்டால், அந்தக் கதையை டாக்டர் போகிற விருந்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இதற்காகவே அபூர்வமான பாட்டில் ஒன்றை வரவழைத்திருந்தார். ஷெர்ரி என்ற திராட்சை மது இருந்து காலியான பீப்பாயில் பத்தொன்பது வருடம் ஊறிய ஸ்காட்ச் விஸ்கி. ஒரே பீப்பாய், வேறெதுவும் கலக்காதது, உலகத்திலேயே இருநூற்றுச் சொச்சம் பாட்டில்தான். முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் மூடியைத் திறந்து முகர்ந்தார். கதவுக்கு அடிக்கும் வார்னிஷ் வாசனை வந்தது. மனம் உடைந்துபோய், பாட்டிலோடு வந்த அட்டையை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தார்: உலர்திராட்சை, காய்ந்த அத்தி, பழைய தோல்பை.

"பழைய தோல் வாசனைதான் வேணும்னா வாசல்ல உங்க ஷூ கிடக்கே," என்றார் மனைவி, துணி மடித்தபடி. இந்த இனத்தாரின் வீடுகளில் மனைவிமார் நிலை இதுதான். ரசனை இருக்காது. உண்மை மட்டும் இருக்கும்.

டாக்டர் மேலாளரோடு வந்தார், கோப்பையைச் சுழற்றினார், சாய்த்தார். தண்ணீர் இரண்டு சொட்டு விட்டால்தான் வாசனை விரியும் என்றார். கரண்டியில் ஊற்றினால் செத்துவிடுமாம். டிராப்பர் இருக்கிறதா? இல்லை என்று சொல்ல நம்மவர் என்ன சாமானியரா? குளியலறை அலமாரிக்கு ஓடினார், கண்ணில் பட்ட டிராப்பரைக் குழாயில் அலசிக்கொண்டு வந்தார், மூன்று கோப்பைகளிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டார்.

டாக்டரின் மூக்கு உள்ளே போனது. வெகுநேரம் வெளியே வரவில்லை.

"கிராம்பு," என்றார் கடைசியில்.

"கிராம்புதான்," என்றார் மேலாளர், கொஞ்சம் மெதுவாக.

நம்மவரும் முகர்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அட்டையில் இல்லாத ஒன்று நிஜமாகவே மூக்கில் ஏறியது. கண் கலங்கிவிட்டது. அது பீப்பாய் செய்த ஓக் மரத்தின் ஆழத்திலிருந்து வருவது, பத்தொன்பது வருடம் பொறுத்தால்தான் இறங்கும், சாதாரண மூக்குக்குச் சிக்காது என்று டாக்டர் கால் மணி நேரம் விளக்கினார். மேலாளர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அலமாரியில இருந்த டிராப்பரைப் பாத்தீங்களா? அப்பாவுக்குப் பல்வலி. மறுபடி கிராம்புத் தைலம் விடணும்."

டிராப்பர் மேசை நடுவில் கிடந்தது. நம்மவருக்குப் பத்தாவது மாடியில் லிஃப்ட் கயிறு அறுந்தது போல இருந்தது. இரண்டு வருடக் காத்திருப்பு போயிற்று. இனி எல்லா விருந்திலும் தன் கதைதான். பயந்துகொண்டே டாக்டரைப் பார்த்தார். டாக்டரோ மேலாளரின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தேதி இருந்தது, டாக்டரின் பெயர் இருந்தது, கீழே கிராம்பும் இருந்தது. நம்மவருக்கு மெல்ல உயிர் வந்தது. இந்தக் கதையை யார் சொன்னாலும் மூன்று மூக்கும் சேர்ந்துதானே மாட்டும்?

டாக்டர் தொண்டையைச் செருமினார். "தைலம் வேற, மரத்துக் கிராம்பு வேற. உங்களுக்கு ரெண்டும் தனித்தனியாத் தெரிஞ்சுதுல்ல?"

"தனித்தனியாத்தான் சார் தெரிஞ்சுது."

"அப்ப நீங்க நம்ம ஆளு."

மேலாளர் அதையும் எழுதிக்கொண்டார். மனைவி டிராப்பரை எடுத்துக்கொண்டு போனார்.

சிரிக்கிறீர்களா? குடிக்கும் பழக்கமே இல்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் போன வாரம் நண்பர் காப்பியை நீட்டியோ, சுவரில் மாட்டிய ஓவியத்தைக் காட்டியோ, "தெரியுதா?" என்று கேட்டதும், ஒன்றும் தெரியாமலே தலையாட்டினீர்களே, அந்தத் தலையைத்தான் டாக்டர் தேடிக்கொண்டிருக்கிறார். வட்டத்தில் இன்னும் ஓர் இடம் காலி.