ஏழாம் எண் கிணறு ஏறுகிறது

ஏழாம் எண் கிணற்றில் தண்ணீர் மறுபடியும் ஓர் அடி ஏறியிருந்தது. மே மாதம் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. திண்டுக்கல் பக்கம் மழை பெய்து நூறு நாள் ஆகியிருந்தது.

யுவராணி செல்போனை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். எண் மாறவில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். அகரத்திலிருந்து எரியோடு வரை பத்துக் கிணறுகளில், நீர்மட்டத்தைச் செல்போனுக்கு அனுப்பும் சென்சார் இறக்கியிருந்தாள். கோடையில் கிணறுகள் என்ன வேகத்தில் இறங்குகின்றன என்பதே ஆய்வு. ஒன்பது கிணறுகள் ஒழுங்காக இறங்கின. அகரத்தில் மாயாண்டியின் கிணறு மட்டும் செவ்வாயும் வெள்ளியும் ஏறியது. ஆய்வுச் சுருக்கத்தை இருபத்தொன்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து; ஐந்து வருட உழைப்பு அதோடு போகும்.

நேரே மாயாண்டியின் தோட்டத்துக்குப் போனாள்.

"அய்யா, கிணத்துல எதும் வித்தியாசமாத் தெரியுதா?"

"என்ன வித்தியாசம் தாயி? நல்லா ஊறுது. ஒனக்குச் சந்தோசந்தான?"

"சந்தோசந்தாங்கய்யா," என்றாள் யுவராணி. கிணற்றுக்காரரிடம் போய்க் குழப்பத்தைக் காட்டுகிற ஆள் இல்லை அவள். கோளாறு கருவியில் இருக்கிறது என்று முடிவு கட்டி, மறுநாளே ஆய்வகத்திலிருந்து புதுச் சென்சார் கொண்டுவந்து மாட்டினாள்.

புதுச் சென்சார் மில்லிமீட்டர் வரை சுத்தமாகக் காட்டும். வெள்ளிக்கிழமை அது ஓர் அடி ஏற்றத்தை மில்லிமீட்டர் வரை சுத்தமாகக் காட்டியது. இனிமேல் கருவியையும் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை தன் கைடு நான்சி மேடத்தைப் பார்த்தாள்.

"அந்த ஒரு கிணத்தை மட்டும் எடுத்துரலாமா மேடம்?"

"பத்துக் கிணறுன்னு சொல்லி அனுமதி வாங்கியிருக்கோம். ஒன்பதைக் கொடுத்தா எவன் ஒத்துக்குவான்? தண்ணி ஏறுதுன்னா எங்கிருந்தோ வருது. எங்கிருந்துன்னு கண்டுபிடி."

யுவராணி கண்டுபிடித்தாள். பத்து வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எரியோட்டில் ஆனந்த்ராஜ் என்பவருடைய மூன்றாம் எண் கிணறு அதே செவ்வாய், அதே வெள்ளி, காலை பத்து மணிக்கு ஓர் அடி இறங்குவது தெரிந்தது. இரண்டும் இருபதடிச் சதுரக் கிணறுகள். அங்கே இறங்கிய அளவுதான் இங்கே ஏறியிருந்தது.

நான்சி மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பாறைக்குள்ள பிளவு இருக்கு யுவராணி."

"பதினஞ்சு கிலோமீட்டர் மேடம். ஒன்றரை மணி நேரத்துல வந்துருது. டவுன் பஸ்ஸு வேகம்."

"பஸ்ஸு நின்னு நின்னு வரணும். தண்ணிக்கு ஏது ஸ்டாப்பிங்?"

"செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஏன் மேடம் வருது?"

"அதைத்தான் நீ எழுதப்போறே. சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க. அங்க கலர் போடு, இங்க வருதான்னு பாரு."

வியாழக்கிழமை, யாருக்கும் கெடுதல் செய்யாத சிவப்புச் சாயம் இரண்டு கேனோடு யுவராணி எரியோட்டுக்குப் போனாள். ஆனந்த்ராஜ் கேனை மோந்து பார்த்தார்.

"எதுக்கு பாப்பா இது?"

"இங்க உள்ள தண்ணி அகரத்துக்குப் போகுதான்னு பாக்கண்ணே."

ஆனந்த்ராஜ் கேனைக் கீழே வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "போகுதுன்னு தெரிஞ்சா ஒனக்கு நல்லதா, கெட்டதா?"

"ரொம்ப நல்லதுண்ணே. அதை வச்சே பட்டம் வாங்கிருவேன்."

"அப்பச் சரி. ரெண்டு கேனையும் ஊத்து."

வெள்ளிக்கிழமை மதியம் மாயாண்டி போன் செய்தார்.

"தாயி, கிணறு ரோஸ்மில்க் கணக்கா இருக்கு. ஒண்ணும் தப்பில்லையே?"

"தப்பே இல்லைங்கய்யா. அப்படியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு காரியங்கள் யுவராணியின் கையில் இல்லை. நான்சி மேடம் ஆய்வின் தலைப்பையே மாற்றினார். நிலத்தடிப் பாதையைக் காக்க, ஆனந்த்ராஜ் தோட்டத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு யாரும் போர்வெல் போடக் கூடாது என்று ஒரு பரிந்துரை எழுதி மாவட்ட அதிகாரிகளுக்கு அனுப்பினார். அவர்கள் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் புதுத் தலைப்பு செல்லும். பழைய தலைப்புக்குத் திரும்பவும் இனி நாள் இல்லை.

பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு மூன்று அதிகாரிகள் அகரத்தில் வந்து இறங்கினார்கள். ஜீப்பைப் பார்த்ததும் மாயாண்டி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வாழைக்குள் போய்விட்டார். "ஏலே, இன்னைக்கு வேணாம்லே, கேக்குதா?" என்று அவர் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் கேட்டதாகத் தெரியவில்லை.

எல்லாரும் கிணற்றைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். பதினொன்று இருபத்தைந்துக்குக் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது.

"பூமி உறுமுதே மேடம்," என்றார் மூத்த அதிகாரி.

"பிளவுல தண்ணி வர்ற சத்தம் சார். கவனமாக் கேளுங்க."

கவனமாகக் கேட்டபோது சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வண்டிப்பாதையில் ஒரு தண்ணி லாரி பின்பக்கமாகவே வந்து, கிணற்றடியில் நின்றது. டிரைவர் கிதர் முகம்மது இறங்கி, தடிமனான குழாயைத் தூக்கிக் கிணற்றுக்குள் விட்டார்.

"செத்தத் தள்ளிக்கங்க சார், பேன்ட் நனைஞ்சிரும்."

இளஞ்சிவப்புத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. யுவராணியின் செல்போனில் ஏழாம் எண் கிணறு ஏறியது. நான்சி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரும்பப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பாய், இது எங்க உள்ள தண்ணி?" என்று கேட்டாள் யுவராணி.

"எரியோடும்மா. ஆனந்த்ராஜ் அண்ணன் தோட்டம். கலரப் பாத்துப் பயப்படாதீங்க, நல்ல தண்ணிதான். எவனோ என்னத்தையோ ஊத்திட்டான்."

மாயாண்டி வாழைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தார்.

"ஏங்கய்யா இப்படிப் பண்ணீங்க?" என்றாள் யுவராணி.

மாயாண்டி குனிந்து, ஆடிய குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கிதர் முகம்மது கையைத் துடைத்துக்கொண்டே மூத்த அதிகாரியிடம் திரும்பினார்.

"அவரு வாயத் தொறக்க மாட்டாரு சார், கிணறு வத்திட்டா காலேஜ்ல யாரோ யுவராணின்னு ஒரு புள்ள பரிட்சைல பெயிலாயிருமாம், அதுக்காக அந்த அண்ணன் தண்ணியச் சும்மா குடுக்குறாரு, செவ்வா, வெள்ளி எனக்கு வேற லோடு இல்ல, நான் லாரியச் சும்மா ஓட்டுறேன், ஆமா, அந்தப் புள்ள பாஸாயிருச்சா?"