அலுமாரிக் கதவில் ஒரு கூடைப்பந்து

வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் புத்தளத்தில் விளையாட்டுச் சப்பாத்துக் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் அவருடைய வீட்டாருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் அஸர் நானா.

காலையில் போய்ச் சப்பாத்துக் கேட்டால் காட்டவே மாட்டார். அஸர் தொழுகை முடிந்து, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் வரவேண்டும். விடியற்காலையில் கால் ஒடுங்கிக் கிடக்குமாம். நாள் முழுக்க நடந்து வீங்கிய கால்தான் உண்மை பேசுமாம். நுரைச்சோலையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவரைக்கூட, "தேத்தண்ணி குடிச்சிட்டு டவுன நாலு சுத்து சுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

நான் போனது பயத்தோடு. எங்கள் பெண்கள் கூடைப்பந்துக் குழு முதல் தடவையாக ஓர் உள்ளக அரங்கில், பலகைத் தரையில் விளையாடவிருந்தது. அதுவரை நாங்கள் கண்டதெல்லாம் சீமெந்துத் தரையும் கடற்காற்றும்தான். என் வலது கணுக்கால் ஏற்கெனவே இரண்டு முறை பிரண்டிருந்தது. "இன்னொருக்காப் பிரண்டுதெண்டா பந்தை மறந்திட வேணும்" என்று அம்மா சொல்லிவிட்டா. அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

பலகைத் தரைப் போட்டியையும் வலது கணுக்கால் பிரண்ட கதையையும் சொல்லிவிட்டு, "அந்தச் சிவப்புச் சப்பாத்தைத் தாங்கோ நானா," என்றேன். ஒரு கிழமையாக என் கனவில் வந்துகொண்டிருந்த சப்பாத்து அது.

"அது ஒங்கட கண்ணுக்கு அளவு தங்கச்சி. காலுக்கு இல்ல."

சாம்பல் நிறத்தில் ஒரு சோடியை எடுத்து வைத்தார். பார்க்க அழுக்குப் பூனை போல இருந்தது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். குதிகால் மேலெழும்புகிறதா என்று பார்த்தார். பிறகு நடுக்கடையில் தரையோடு கிடத்தியிருந்த பழைய மர அலுமாரிக் கதவைக் காட்டினார். அதுதான் அவருடைய உள்ளக அரங்கு. சாவித் துவாரம்கூட அப்படியே இருந்தது.

"அடியில மீன் முள்ளு மாதிரி வரி இரிக்கி, பலகைய நல்லாப் பிடிக்கும். கண்ண மூடுங்க. பந்து ஒங்கட கையில. ஓடுங்க!"

"அலுமாரிக் கதவிலயோ நானா?"

"கதவு எங்க இரிக்கி? கண்ண மூடுங்க எண்டு சொன்னேனே!"

மூடினேன். களப்பிலிருந்து காற்று உப்பு வாசத்தோடு வந்தது. கதவு நீண்டு நீண்டு போய்க்கொண்டே இருந்தது. ஓடினேன், திரும்பினேன், எழும்பினேன். எங்கோ உயரத்தில் வலை மெல்ல அசைந்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் நின்று கைதட்டுகிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கணுக்கால் வலிக்கவில்லை.

"வெளிமண்ணுல இத மிதிக்கப்படாது. உப்பு மண் ஒட்டினா பலகையில வழுக்கிப்போடும். கையில கொண்டு போங்க," என்றார். அதைக் குழு முழுவதற்கும் சொன்னேன்.

போட்டி நாளில் எல்லாரும் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு போனோம். அரங்குத் தரை முகம் பார்க்கலாம் போல மின்னியது. பழக்கம் விடுமா? வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றினோம். பக்கத்தில் சப்பாத்துப் பைகளையும் பக்குவமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பயபக்தியாக உள்ளே போய் நின்றோம்.

நடுவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைகள், விளையாட வந்தீங்களா, கும்பிட வந்தீங்களா?"

ஓடிப்போய்ச் சப்பாத்துகளை எடுத்து வந்தோம். தூசி துரும்பில்லாத அந்தத் தரையிலும் மண்ணைக் கவ்வினோம். ஆட்டத்தின் நடுவே ஒரு தடவை எழும்பி இறங்கும்போது வலது கால் இன்னொருத்தியின் பாதத்தில் விழுந்தது. அவ்வளவுதான், பந்தும் போச்சு அம்மாவும் வென்றா என்று நினைத்தேன். சப்பாத்து காலை இறுக்கிப் பிடித்தது. கணுக்கால் பிரளவில்லை.

ஆட்டம் முடிந்து பார்த்தால் மேல் வரிசையில் ஒரு வெள்ளைத் தொப்பி. அஸர் நானா கடையைப் பூட்டிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தார்.

"தோத்துப்போனம் நானா," என்றேன்.

"அப்பிடியா?" அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. "நான் ஒங்கட வலது காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் தங்கச்சி."

இமைக்காமல் பார்த்திருக்கிறார் போல. கண் இரண்டும் சிவந்திருந்தன. தோல்விக்கு அழாத நான் அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.