நாலு பாஸும் ஒரு பாத்ரூமும்

கம்பியூட்டர் பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான். நாம் சொல்லும் பொய்யைக் கலர் கலராகக் கோடு போட்டு நமக்கே திருப்பிக் காட்டும், அவ்வளவுதான். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. கண்டி மஹய்யாவையில், எங்கள் வீட்டு பாத்ரூம் வாசலில் நின்று படித்தேன்.

அப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலைத்திட்டம் போடும் மென்பொருள் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். யாருக்கு என்னென்ன வேலை தெரியும் என்று பதிந்துவிட்டால், யார் எதை எப்போது செய்வது என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குப் போட்டால் சிவப்பாகக் கத்தும். படித்த வேகத்தில் நான் பல் விளக்குவதற்குக்கூடத் திட்டம் போட்டேன். (போர்டிங்கில் என்னோடு தங்கியிருந்தவர்கள் பாவம்.)

அந்த நேரத்தில்தான் அக்காவைப் பெண் கேட்டு புசல்லாவையிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அக்காவும் மாப்பிள்ளையும் ஒரே பாடசாலையில் டீச்சர்கள். தாங்களாகவே விரும்பி, இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இன்னும் முழு மனதாகத் தலையாட்டவில்லை. வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். எங்கள் வீட்டில் வெளியாளுக்குக் காட்டக் கூடாத இடம் ஒன்று இருந்தது. கதவு சாத்தாத, குழாய் ஒழுகும் பாத்ரூம்.

சுண்ணாம்பு அடித்து, கதவை மாற்றினால் போதும் என்றார் அப்பா. நான் போனிலேயே சிரித்தேன். மொத்தத்தையும் உடைத்துப் புதிதாகக் கட்டலாம், திட்டத்தை என்னிடம் விடுங்கள் என்றேன். (சிமெந்து மூட்டையை நான் கடை வாசலில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.) ஆட்கள் யார் யார் என்று கேட்டேன்.

“மேசன் வேலைக்கு?”

“மேசன் பாஸ் இருக்காரு.”

“டைல் போட?”

“டைல் பாஸ் இருக்காரு.”

“பைப்பு? கரண்டு?”

“பைப் பாஸ், கரண்ட் பாஸ், எல்லாம் நம்ம ஆளுதான். நீ கவலப்படாத.”

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். ஒபிஸில் இருப்பவர் பொஸ். வீட்டுக்கு வேலைக்கு வருபவர் பாஸ். பொஸ் வேலை சொல்லுவார், பாஸ் வேலை செய்வார். எழுத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.)

நாலு பாஸையும் பதிந்தேன். மென்பொருள் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தது. சனிக்கிழமை காலை உடைப்பு, மாலையில் பளபளக்கும் பாத்ரூம், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார். எங்கும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து அலுமாரிக் கதவில் ஒட்டினேன். நல்லபடியாக நடக்கட்டும் என்று அம்மா அதன் மேல் குங்குமப் பொட்டு வைத்தார். (அந்தச் சிவப்பையாவது நான் எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம்.)

சனிக்கிழமை ஒரே ஒரு ஆள் வந்தார். தோளில் ஒரு பை, முகத்தில் கண்டியையே கட்டிக் கொடுத்தவர் மாதிரி ஒரு தோரணை. நான் கொழும்பு போன பிறகு எங்கள் பக்கம் குடிவந்தவர் என்பதால் எனக்கு அவரைத் தெரியாது. மேசன் பாஸா என்று கேட்டேன். ஆமா என்றார். உடைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பழைய பாத்ரூம் இருந்த இடம் தெரியவில்லை. உடைப்பதில் மட்டும் திட்டத்துக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தோம்.

அம்மாவிடம் நாலு பேருக்கு பாலில்லாத பிளேன்டி போடச் சொன்னேன். என் கூட்டாளிகள் வருகிறார்கள் என்று நினைத்து அவரும் போட்டுக் கொடுத்தார். நாலு கோப்பையையும் பாஸ் மரியாதையாக வாங்கி, ஒவ்வொன்றாகக் குடித்து முடித்தார். டைல் பாஸ் எங்கே என்று கேட்டேன். வந்துட்டாரு என்றார். பைப் பாஸ்? அவரும் வந்துட்டாரு. நான் தெருமுனை வரை போய்த் தேடினேன். திரும்பி வந்தபோது பாஸ் அலுமாரியின் முன்னால் நின்று திட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதுல நான் யாரு?”

“நீங்க மேசன் பாஸ். இந்தா, நீலக் கோடு.”

“அப்ப பச்சக் கோடு?”

“அது டைல் பாஸ்.”

“அதுவும் நான்தான். மஞ்சளும் நான்தான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரே நேரத்துல நாலு எடத்துல நிக்கிறேன். என்னைய சாமி கணக்கா ஆக்கிட்டீங்க தம்பி” என்றார். அவருக்குக் கவலையே இல்லை, பெருமைதான்.

பல வேலை தெரிந்தவரை ஒரே பெயரில்தான் பதிய வேண்டும் என்பது முதல் பாடம். அப்பாவிடம் ஓடினேன்.

“ஆளுதான்னு சொன்னேன். ஆளுங்கன்னா சொன்னேன்?” என்றார் அப்பா.

பாஸ் விடிய விடிய வேலை செய்ததில், ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது சுவர் இருந்தது, கதவு இருந்தது. தரையில் டைல் ஈரமாகக் கிடந்தது. காலை வைத்தால் எல்லாம் போச்சு என்று சொல்லி பாஸ் வாசலில் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார். கட்டுகஸ்தோட்டையில் வாங்கிய புது கொமட், போக்கிடம் இல்லாமல் முன் ஹோலில் ஒரு போர்வைக்குள் பதுங்கியிருந்தது. அக்கா என்னோடு பேசவில்லை. சேலை கட்டிக்கொண்டே அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. என் கெட்டித்தனத்தால் அவள் கல்யாணம் நின்றுவிடுமோ?

மலைப்பாதையின் அத்தனை வளைவையும் தாண்டி புசல்லாவை வேன் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா போர்வை போர்த்திய அந்தக் ‘கதிரை’யில் போய் உட்கார்ந்தார். (அவர் சௌகரியமாகத்தான் இருந்தார்.) மாப்பிள்ளையின் அம்மா உட்காரவே இல்லை. நேராக அக்காவிடம் வந்து, “பாத்ரூம் எங்கம்மா?” என்றார்.

அக்கா மழுப்பவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தாவிடம் கூட்டிப் போனாள். போனவர்கள் லேசில் வரவில்லை. ராத்தா வட்டிலப்பம் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். இங்கே அப்பாவும் தாய்மாமாவும் மழையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் தோளில் இருந்த கையை எடுக்காமலே சொன்னார்: “மறைக்காம சொன்னா பாருங்க, எனக்கு இந்தப் புள்ளதான் வேணும். பாத்ரூம கட்டி முடிங்க, தேதிய வைப்போம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கல்யாணத்துக்குத் திட்டம் போடுற வேலைய மட்டும் இந்தத் தம்பிக்கிட்ட குடுத்துராதீங்க.”

கொடுக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கொடுத்தார்கள். பந்தலை யார் பார்ப்பது என்று கேட்டால், அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், பந்தல் பாஸ் இருக்காரு என்பார். மாலைக்கு மாலை பாஸ், வேனுக்கு வேன் பாஸ், சாம்பாருக்கு சாம்பார் பாஸ். எல்லாம் நம்ம ஆளுதான். அந்த ஆள் நான்தான்.

அது இன்னும் ஓயவில்லை. போன மாதம் அக்கா மகளுக்குப் பிறந்தநாள். அக்கா போன் எடுத்து, “கேக் பாஸ், பலூன் பாஸ், போட்டோ பாஸ், மூணு பேரும் கட்டாயம் வந்துரணும்” என்றாள். சரி என்றேன். கொழும்பிலிருந்து நாங்கள் மூவரும் ஒரே டிக்கெட்டில் பஸ் ஏறினோம்.