வெர்லின் வீட்டு ஏணி

மினசோட்டா
நவம்பர் 3

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை வெண்டல் அவர்களுக்கு, மாமனார் ஹார்லன் எழுதிக்கொள்வது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே நானும் உங்கள் அத்தை லோயிஸும் நலம். அட்லாண்டாவில் நீங்களும் என் மகள் கிரெட்டாவும் பேத்தி நயோமியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது. தொலைபேசியில் கிரெட்டா வானிலை மட்டும்தான் சொல்கிறாள். அட்லாண்டாவின் மழையளவு இப்போது எனக்கு மனப்பாடம்.

இந்த நன்றித் திருநாளுக்கு நீங்கள் மூவரும் வர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துவிட்டேன். கடைசியாக நீங்கள் வந்த திருநாளன்று கூரையின் மழைநீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு வெர்லினின் கராஜில் ஏணி இருக்கும், எடுத்து வாருங்கள் என்று உங்களை அனுப்பியது நான்தான். வெர்லின் ஊரில் இல்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. முப்பது வருடமாக அப்படித்தான் எடுத்து வருகிறேன். எதிர்வீட்டு ஆர்டித் அம்மாள், யாரோ ஒரு கறுப்பர் ஏணி திருடுகிறார் என்று போலீசைக் கூப்பிட்டார். இரண்டு கார்கள் வந்தன. பாலம் நிற்குமா விழுமா என்று அரசாங்கத்துக்கே கையெழுத்துப் போட்டுத் தரும் மனிதர் நீங்கள், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நடைபாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உள்ளே உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே வந்து, "அட, இவர் நம்ம மாப்பிள்ளைப்பா!" என்றேன். உடனே விட்டுவிட்டார்கள். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. "அதையேதான் மாமா நானும் நாற்பது நிமிஷமா சொல்லிட்டிருந்தேன்" என்றீர்கள் நீங்கள். அதோடு விட்டேனா? வான்கோழியை வெட்டும்போது அந்தக் கதையை மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் தமாஷாகச் சொன்னேன். போலீஸ்காரர் குரலில் பேசிக்காட்டிச் சிரிக்கவும் செய்தேன். நீங்கள் கைதுடைக்கும் துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு நயோமியின் கோட்டைத் தேடப் போனீர்கள்.

சும்மா இருக்கவில்லை மாப்பிள்ளை. தேவாலயத்தில் இதற்கென்று ஒரு படிப்பு வட்டம் தொடங்கினோம். பதினோரு பேர், பதினோரு பேரும் வெள்ளையர்கள். நம் தெருவில் நிறப் பாகுபாடு உண்டா என்று ஆறு வாரம் விவாதித்து, இல்லை என்று ஒருமனதாக முடிவுசெய்து, ஒருவருக்கொருவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டோம். அது போதாது என்று தோன்றியதால் உங்கள் கல்யாணப் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'இவர் எங்கள் மாப்பிள்ளை, இவரைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்' என்று அச்சடித்து நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் கொடுத்தேன். மின்கம்பங்களிலும் ஒட்டினேன். கிரெட்டாவுக்குப் பெருமையாக ஒன்று அனுப்பினேன். அன்று மட்டும் அவள் வானிலை சொல்லவில்லை. "அப்பா, நீங்க இதைத் தேடப்படும் குற்றவாளி மாதிரி ஒட்டியிருக்கீங்க" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. கோட்டும் டையும் போட்ட படம்தானே! ஆனால் பலன் இருந்தது. "உங்க மாப்பிள்ளையைப் பார்த்தேன், கையாட்டினேன்" என்று அந்த மாதமே மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் பார்த்ததில் ஒருவர் புதிதாக வந்த பல் மருத்துவர், ஒருவர் பார்சல் கொண்டுவருபவர். மூன்றாமவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் அப்போது அட்லாண்டாவில் பாலத்தடியில் இருந்தீர்கள்.

பிறகுதான், அந்தக் கல்லில் நானும் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். போன செவ்வாய்க்கிழமை பகலில், தலைமூடி வைத்த கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெர்லின் கராஜுக்குள் புகுந்தேன். ஜன்னலிலிருந்து வெர்லின், "ஹார்லன், பெரிசையா எடுக்கிறே? மூணாவது படி ஆடும், பார்த்து!" என்றான். ஆர்டித் அம்மாள் ஜன்னலுக்கு நேராக ஏணியோடு இரண்டு தரம் நடந்தேன். கையாட்டினார். வேறு வழியில்லாமல் நானே போலீசுக்குப் போன் செய்து, ஓர் ஆள் ஏணி திருடுகிறான் என்று புகார் சொன்னேன். அடையாளம் கேட்டார்கள். எழுபது வயது, வெள்ளைக்காரர், கொஞ்சம் நொண்டுகிறார் என்றேன். "ஐயோ பாவம், அவருக்கு ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றது போனை எடுத்த பெண். வந்த போலீஸ்காரன் பிராண்ட், பள்ளியில் என்னிடம் பூகோளம் படித்தவன். "சார், இந்த வயசுல நீங்க ஏணி தூக்கலாமா? நகருங்க" என்று அவனே தூக்கிவந்து நம் கராஜில் வைத்துவிட்டுப் போனான்.

விடாமல் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். ஒன்பது நிமிடம்தான். அதற்குள் நான்கு பேர் நெஞ்சு வலியா என்று கேட்டுவிட்டார்கள். ஆர்டித் அம்மாள் கம்பளியும் காபியும் கொண்டுவந்து, "தனியாவா உட்கார்ந்திருக்கே? உள்ளே வா" என்று கையைப் பிடித்து எழுப்பினார். நல்ல மனுஷி. அன்றும் நல்ல மனுஷிதான். எனக்கு அது புரியவேயில்லை மாப்பிள்ளை. நாற்பது நிமிடம் உட்கார என்னை யாரும் விடமாட்டார்கள். உங்களை எழுந்திருக்க யாரும் விடவில்லை.

வாசலில் நயோமிக்கு வாங்கிய சிவப்புப் பனிக்காலணி இருக்கிறது. இரண்டு வருடமாகக் குளிர் தொடங்கும்போது கடைக்குக் கொண்டுபோய் அடுத்த அளவுக்கு மாற்றிவருகிறேன். ஒருநாளும் ரசீது கேட்டதில்லை. இங்கே எல்லோரும் நல்லவர்கள். கடைக்காரர், "பாப்பா கால் இப்போ எவ்வளவு?" என்கிறார். நானாக ஓர் அளவு சொல்கிறேன். லோயிஸ் இன்னமும் மேஜையில் ஐந்து தட்டு வைத்துவிட்டு மூன்றைத் திரும்ப எடுத்துவைக்கிறாள். எண்ணத் தெரியாதவள் அல்ல. அன்று நான் சிரித்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும். போலீசைப் பற்றி அல்ல, நான் சிரித்ததைப் பற்றித்தான் சொல்கிறேன். வந்தால் நான் பேசமாட்டேன். மேஜையில் எந்தக் கதையானாலும் நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

கிரெட்டாவுக்கு என் முத்தம், நயோமிக்கு எங்கள் இருவர் ஆசியும். உங்கள் பாலங்களெல்லாம் நூறாண்டு நிற்கட்டும்.

உங்கள் வரவை வழிமேல் விழிவைத்துப் பார்த்திருக்கும்
ஹார்லன் மாமா

பின்குறிப்பு: அந்த ஏணி இன்னும் நம் கராஜில்தான் இருக்கிறது. கல்லில் உட்கார்ந்ததிலிருந்து முழங்கால் மடங்கவில்லை. நீங்கள் வந்ததும் ஏணியைக் கொஞ்சம் வெர்லின் கராஜில் வைத்துவிட்டு வந்தால் உதவியாக இருக்கும். அவன் திருநாளுக்கு மகள் வீட்டுக்குப் போகிறான், வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். கதவு திறந்துதான் கிடக்கும். தாராளமாக உள்ளே போங்கள், இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.