மேடென்று நான் வரைந்த பள்ளம்

இக்காஸ்ட்,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சண்முகலிங்கம் மாமாவுக்கு மருமகள் ஜெனுஷா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாமா, ஒடென்சேயில் என் வேலை என்னவென்று அப்பா சொல்லியிருப்பார். செய்மதிப் படங்களைப் பார்த்துப் பாலைவன மலைகளுக்கு வரைபடம் கீறுகிறேன். நூற்றெழுபது மீற்றருக்கு மேல் ஏற இடமில்லாத இந்த நாட்டில் வளர்ந்தவளுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று நேர்முகத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று, அங்கே வீதி போடுபவர்களின் கூடாரங்களுக்கு இடம் குறித்தேன். 'உயர்ந்த மேடு, பாதுகாப்பானது' என்று எழுதினேன். மேலாளர் ஸ்ரிபனும் ஒப்பமிட்டார். வரைபடம் திங்கள் காலை அங்கே போகிறது. அப்பாவுக்குக் காட்டவென்று அந்தப் படத்தை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். என் பக்கத்தில் இருந்த அப்பா மலையின் உயரத்தை வியந்துகொண்டிருக்க, எதிரே புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, "கண்ணாடியைப் போடுங்கோ. அது ஆத்துப் பள்ளமெல்லே" என்றா. கால் மணி நேரம் சண்டை. நான் எழும்பிப் போய் அம்மாவின் கதிரையில் இருந்து பார்த்தேன். பள்ளம்தான். தெற்கு வெயிலில் எடுத்த படத்தில் நிழல் கண்ணை ஏமாற்றும், தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று முதல் வருடமே படிப்பித்தார்கள். அந்தச் சோதனையில் அதியுயர் புள்ளியான பன்னிரண்டை எடுத்தவளும் நான்தான்.

பாலைவனத்தில் எங்கே மழை என்று நினைப்பீர்கள். மலைக்கு மேலே ஒருநாள் பெய்தால் போதும், அந்தக் காய்ந்த ஆற்றில் ஒரு கூடாரமும் மிஞ்சாது. அவர்கள் ஆரென்று எனக்குத் தெரியாது. படத்தில் ஆட்கள் தெரிவதில்லை. ஸ்ரிபனுக்கு நாலு தரம் போன் எடுத்து, மணி அடிக்க முந்தி நாலு தரமும் வைச்சிட்டன் மாமா. கூட்டத்திலே தண்ணிப் போத்தலைக் கேட்கவே கூச்சப்படுற நான், பிழை விட்டிட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிழையை இன்றே எழுதி அனுப்பிவிட்டு வேலையையும் விடப்போகிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று எல்லோரிடமும் சொல்லித் திரியும் அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நாளை உங்கள் ஊர் இஷொய்க்கு வரும் அப்பாவிடமே இதைக் கொடுத்துவிடுகிறேன். உறையை ஒட்டவில்லை, ஒட்டினால் சந்தேகப்படுவார்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

அன்பு மருமகள்,
ஜெனுஷா

பி.கு.: அப்பா வாசித்துவிட்டார். என் தொலைபேசியில் ஸ்ரிபனின் எண்ணை அழுத்தி என் காதில் வைத்து, "கதை" என்றார். கதைத்தேன். மறுபக்கம் தாளைத் திருப்பும் சத்தம். "நானும் பார்த்துத்தானே ஒப்பமிட்டேன்" என்றார் ஸ்ரிபன். வரைபடத்தை அனுப்பாமல் நிறுத்திவிட்டார். வேலை போகவில்லை மாமா. திங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நானே இதை விளக்க வேண்டுமாம். வேலையை விடுவதைப் பற்றி இப்போதுதான் உண்மையாக யோசிக்கிறேன்.