விரிசல் மாமு நிறுத்திய வீடு

ராயபுரத்தில் இன்றைக்கு நேராக நிற்கும் பழைய வீடுகளில் பாதி, விரிசல் மாமுவின் அதட்டலுக்குப் பயந்துதான் நிற்கின்றன. சாயப்போகும் வீடுகளின் அடிமண்ணை இறுக்கி அஸ்திவாரத்தைச் சரிசெய்வது அவர் தொழில். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

எங்கள் பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்டப் பள்ளம் தோண்டினார்கள். கடலோர மணல். தோண்டியதுமே தண்ணீர் ஊற, மோட்டார் போட்டு இறைத்தார்கள். சில நாட்களில் எங்கள் சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அம்மா ஜெபமாலையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

மாமு வந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"யாரும் ஓடாதீங்க. தும்மல் வந்தா தெருவுல போய் தும்முங்க." அப்பாவின் தொப்பையைப் பார்த்தவர், "நைனா, நீ அந்தாண்ட மூலைல குந்து" என்றார்.

பிறகு எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி, மோட்டார் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் கத்தினார்.

"யோவ், எழுந்திரு! வேலை நடக்குதுல்ல?"

"இன்னா வேலை? தண்ணியோட மண்ணையும் சேத்து உறிஞ்சிகினு கீற!" இறைத்த தண்ணீரை பக்கெட்டில் பிடித்து, அடியில் தங்கிய மணலை அள்ளிக் காட்டினார். "இது இன்னா தெரியுதா? இந்தம்மா சமையல்கட்டு!"

மோட்டார் நின்றது. கட்டுமான கம்பெனியின் பெண் இன்ஜினியர் ஓடிவந்து, பள்ளத்தின் ஓரத்தில் மணல் மூட்டைகளை அடுக்கவைத்தார். எங்கள் சுவரோரம் துளை போட்டு, சிமென்ட் கரைசலை மண்ணுக்குள் அழுத்திச் செலுத்தும் பொறுப்பு மாமுவுக்கு.

"முதல்ல பழைய டிரெய்னேஜ் குழாய் எங்க போகுதுன்னு பாத்துடுங்க" என்றார் இன்ஜினியர்.

"பேஜாரு பண்ணாதம்மா. மண்ணு என்னாண்ட பேசும்."

மண் வாயைத் திறக்கவில்லை. கரைசல் இறங்க இறங்க, "குடி, நல்லா குடி" என்று மாமு தரையைத் தட்டிக்கொடுத்தார். கழிப்பறையிலிருந்து அப்பா துண்டோடு அலறிக்கொண்டு வந்தார். உடைந்த பழைய குழாய் வழியே ஏறி, கோப்பையில் விளிம்பு வரை சிமென்ட்!

மாமு எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சொன்னதுதான் கரெக்டு" என்று ஒப்புக்கொண்டார். கூடவே, "ஆனா நைனா, இனிமே இந்த ரூம்பு மட்டும் சாயவே சாயாது" என்றார்.

புதுக் கோப்பை வைக்கும்வரை எதிர்வீட்டுக் கழிப்பறைதான் எங்களைத் தாங்கியது. அம்மா மாமுவிடம் பேச்சை நிறுத்தினாள். ஆனால் விரிசலின் குறுக்கே அவர் ஒட்டிய கண்ணாடித் துண்டு உடையவே இல்லை. சுவர் அசைவது நின்றுவிட்டதற்கு அதுதான் அடையாளம். அது உறுதியான அன்றைக்கு அம்மாவே அவருக்கு டீ போட்டாள்.

அதன்பின் மழைக்காலம்தோறும் கூப்பிடாமலே வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போவார். இந்த மழைக்கு வரவில்லை. முழங்காலில் ஆபரேஷன் என்றார்கள். அம்மா மீன்குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

படுத்திருந்தவர் எங்களைக் கண்டதும் பதறி, "வூடு எப்டி கீதும்மா?" என்றார்.

"வூடு கெடக்குதுண்ணே. நீ எந்திரிச்சி ரெண்டு வாய் சாப்டு" என்று சொல்லி, அம்மா அவர் முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்தாள்.