பன்னிரண்டாவது கதை

புத்தக விமர்சனம் எழுதுகிறவன் புத்தகத்தைப் படிக்கக் கூடாது. படித்தால் பாரபட்சம் வந்துவிடும். தார்வாடில் பதினாலு வருஷமாக ஞாயிறு மலரில் மொழிபெயர்ப்புக் கதைகளைப் பற்றி எழுதிவரும் பிந்துமாதவ ஹுல்லூர் ஆகிய நான், இந்தக் கொள்கையிலிருந்து ஒரு நாளும் வழுவியதில்லை.

படிப்பதற்கு என் மனைவி மந்தாகினி இருக்கிறாள். மத்தியானம் படிப்பாள். நாலு மணிக்குச் சோள ரொட்டி தட்டிக்கொண்டே கதைகளைச் சொல்வாள். நான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி கேட்பேன். அவள் ரொட்டி தட்டுவாள். நான் விமர்சனம் தட்டுவேன். இரண்டும் சூடாக இருக்கும்.

மழை விடாமல் பெய்த ஒரு வியாழக்கிழமை. எஸ்தோனிய நாட்டுச் சிறுகதைகள், கன்னடத்தில். பன்னிரண்டாவது கதைக்கு வந்தபோது அவள் குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது.

"பனி விழற ஊர். ஒருத்தனைத் தினமும் நாலு மணிக்குப் பொண்டாட்டி கிணத்தடியிலேர்ந்து கூப்பிடறா. போய்ப் பார்த்தா யாருமில்ல. அவ அடுப்பங்கரையில நின்னுக்கிட்டு, 'நான் கூப்பிடவேயில்லையே'ங்கறா. ஒருநாள் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒரே நேரத்துல கூப்பிட்டுது. எது தன் பொண்டாட்டின்னு அவனுக்குத் தெரியல."

"ஏன் தெரியல?"

"இருபது வருஷமா அவ குரலைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாத்தானே?"

ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஐரோப்பிய ஆண்களின் அலட்சியத்துக்கு விழுந்த சவுக்கடி! பன்னிரண்டாவது கதைக்காகவே புத்தகத்தை வாங்கலாம்' என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டு இனாம்தார் வந்தார். பெயருக்கேற்றபடி என் பேப்பரை இனாமாகவே வாசிக்கிறவர்.

"ஹுல்லூர், அந்தப் பன்னெண்டாவது கதை இருக்கே... நான் அதைப் போன வருஷமே இங்கிலீஷ்ல படிச்சுட்டேன். மூணு நாள் சாப்பாடு இறங்கல."

இனாம்தாருக்கே சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது லேசுப்பட்ட கதையில்லை. கொள்கையைச் சற்றே தளர்த்தினேன். அன்று நாலு மணி சுமாருக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

பதினொரு கதைகள்.

பொருளடக்கத்தில் விரலை வைத்து எண்ணினேன். பதினொன்று. கடைசிக் கதைக்குப் பிறகு ஒரு வெள்ளைத் தாள், அப்புறம் அட்டை. எதையும் கிழித்த அடையாளம் இல்லை. காலையிலிருந்து பெய்துகொண்டிருந்த மழை வெளியே சட்டென்று நின்றது.

"ரீ... இங்க கொஞ்சம் வாங்க."

கிணற்றடியிலிருந்து மந்தாகினியின் குரல். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற அதே 'ரீ'. போனேன். யாருமில்லை. காற்றே இல்லை, ராட்டினம் மட்டும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அடுப்பங்கரைக்கு ஓடினேன். மந்தாகினி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டியா?"

"இல்லையே."

"மந்தா, அந்தப் பன்னெண்டாவது கதை..."

"இருக்கறதே பதினொண்ணுதானே? பேப்பரைப் பார்த்துட்டு நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்."

"வியாழக்கிழமை நீதானே சொன்னே! ரொட்டி தட்டிக்கிட்டே!"

"வியாழக்கிழமையா? நான் முந்தின நாளே பதினொண்ணையும் சொல்லி முடிச்சுட்டேனே. அன்னிக்கு மத்தியானம் ஹுப்ளிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். ஏழு மணிக்குத்தான் திரும்பினேன். சொல்லிட்டுத்தானே போனேன்?"

சொல்லியிருக்கலாம். கதையைத் தவிர அவள் சொன்ன எதுவும் என் காதில் தங்கியதில்லை.

"அப்போ... அடுப்பங்கரையில இருந்தது யாரு?"

"எட்டிப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

"நீங்களே பார்க்கல. ஊர்ல இல்லாத எனக்கு எப்படித் தெரியும்?" என்றவள் கிணற்றடிக் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை, இனிமேல் மந்தாகினி எழுதுவாள் என்றேன். "எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அவள். ஒரே ஒரு தடவைதான் மறுத்தாள்.

அடுத்த ஞாயிறு, பத்தியின் உச்சியில் அவள் பெயர். கீழே அதே புத்தகம்.

'இந்நூலில் பதினொரு கதைகளே உள்ளன. சென்ற வாரம் இங்கே புகழப்பட்ட பன்னிரண்டாவது கதை, விமர்சகர் நூலைத் திறந்து பார்க்கிறாரா என்று அறிய, ரொட்டி தட்டும்போது நான் கட்டிவிட்டது.'

அன்று இனாம்தார் பேப்பர் கேட்டு வரவில்லை.

"அப்போ ஹுப்ளி?" என்றேன்.

"போகவேயில்ல. பதினாலு வருஷமா நான் படிக்கறேன், உங்க பேர் வருது. எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களா?"

"அடிப்பாவி! கிணத்தடியிலேர்ந்து கூப்பிட்டுட்டு, நான் வர்றதுக்குள்ள எப்படி உள்ளே ஓடினே?"

மந்தாகினியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"கிணத்தடியிலேர்ந்தா? சத்தியமா நான் கூப்பிடலீங்க."

"உன் குரல்தான் மந்தா. இந்தக் காதால கேட்டேன்."

அவள் எழுந்துபோய்க் கிணற்றடிக் கதவை மெதுவாகத் தாழிட்டாள். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமலே திரும்பிக் கேட்டாள்:

"என் குரல் எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"